உப்பில்லாக் கீரையும் உப்பளமும்: சிறுபாணாற்றுப்படையின் ஓய்மா நாடும் இன்றைய விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தின் பொதுச் சுகாதாரமும்

ஆய்வுச்சுருக்கம்

நிலம் மனிதரின் உணவையும் தொழிலையும் வரையறுக்கிறது என்பது திணைக்கோட்பாட்டின் அடிப்படை. வாழிடம் மனிதரின் உடல்நலத்தை வரையறுக்கிறது என்பது இன்றைய பொதுச் சுகாதாரச் சிந்தனையின் அடிப்படைகளுள் ஒன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவோர், நோய்க்கும் பசிக்கும் நிலத்தையே காரணமாக்கிவிடும் போக்கு உண்டு. இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதிகளை உள்ளடக்கிய ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, இப்போக்கினை மறுக்கும் ஒரு பார்வையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அந்நூல் உணவு கிடைக்கும் ஊர்களுக்குத் திணையும் பெயரும் தருகிறது. பசி குடிகொண்ட வீட்டிற்கு இரண்டையும் தரவில்லை. இவ்வேறுபாட்டினை முதன்மைச் சான்றாகக் கொண்டு, நிலத்தைக் காட்டிலும் நிலங்களுக்கு இடையிலான வழியும் அவ்வழியில் செல்லும் உரிமையுமே உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாடு, திணை, பொதுச் சுகாதாரம், உப்பளம், மரக்காணம், திண்டிவனம், விழுப்புரம்.

1. முன்னுரை

இடத்திற்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று காற்று, நீர், இடம் ஆகிய மூன்றையும் நோய்க் காரணங்களாக ஆராய்கிறது. தமிழ்ச் சித்த மருத்துவ மரபும் ஐவகை நிலங்களுக்கு உரிய நோய்களைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, இறப்புகள் நேர்ந்த வீடுகளை வரைபடத்தில் குறித்து ஒரு தெருக்குழாயைக் காரணமாகக் காட்டிய ஜான் ஸ்னோவின் பணியும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே. ஆயினும் அவரது பணியில் ஒரு திருப்பம் உண்டு. நோய்க்குக் காரணம் அத்தெருவின் மண்ணோ காற்றோ அன்று. அத்தெருவிற்கு நீர் வந்துசேர்ந்த முறை என்பதை அவ்வரைபடம் உணர்த்தியது. இடம் என்பது இயற்கையாக அமைந்த ஒன்று என்னும் நிலையிலிருந்து, மனிதரால் அமைக்கப்பட்ட ஒன்று என்னும் நிலைக்கு நோய் பற்றிய சிந்தனை அங்கு நகர்ந்தது.

தமிழ் ஆய்வுலகில் திணைக்கோட்பாட்டைச் சூழலியலோடும் உடல்நலத்தோடும் இணைக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. இவற்றுள் பல, நிலத்திற்கேற்ற உணவு, உணவிற்கேற்ற உடல், உடலுக்கேற்ற வாழ்வு என்னும் இணக்கமான சித்திரத்தோடு நின்றுவிடுகின்றன. அச்சித்திரத்தில் பசித்தவர்க்கு இடமில்லை. அந்நிலத்தில் வாழ்ந்தும் அந்நிலத்தின் உணவைப் பெறாதவர் யார், ஏன் பெறவில்லை என்னும் வினா அங்கு எழுவதேயில்லை. இவ்வினாவை எழுப்புவதற்குச் சிறுபாணாற்றுப்படை தக்க நூலாகும்.

2. நூலும் நிலமும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்று எதிர்ப்படும் மற்றொரு பாணனை நல்லியக்கோடனிடம் வழிப்படுத்துவதாக நூல் அமைந்துள்ளது. வழியில் எதிர்ப்படும் ஊர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகியன கூறப்படுகின்றன. நல்லியக்கோடன் கிடங்கிலின் தலைவனாகச் சுட்டப்படுகிறான்.

கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனம் நகரை ஒட்டிய கிடங்கல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் ஆய்வாளர் இனங்காண்பர். ஆமூரையும் இவ்வட்டாரத்திற்குள்ளேயே வைத்துக் காண்பர். எனவே நூல் காட்டும் பயணத்தை இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதிக்குள் ஏறத்தாழ அடக்கிவிடலாம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு பேருந்துப் பயணத்தில் கடந்துவிடக்கூடிய இச்சிறு பரப்பிற்குள் நெய்தல், முல்லை, மருதம் என மூன்று திணைகளை நத்தத்தனார் அடுத்தடுத்து வைக்கிறார்.

இவ்வடர்த்தி கற்பனை மட்டுமன்று. இன்றும் மரக்காணத்தில் கடலும் கழியும் உப்பளமும் உள்ளன. அதன் தெற்கே கழுவேலி என்னும் பரந்த உவர்நீர் ஈரநிலம் உள்ளது. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே ஏரிப்பாசன நெல்வயல்களும் மானாவாரி நிலங்களும், அவற்றிற்கு அப்பால் செஞ்சியின் பாறைக்குன்றுகளும் உள்ளன. நிலத்தின் பன்மையை ஒரே பார்வையில் காணத்தக்க வட்டாரம் இது. ஆகவே, நிலம் உடல்நலத்தை வரையறுக்கிறது என்னும் கூற்றை இங்கு வைத்துச் சோதிப்பது பொருத்தமுடையது.

3. கருப்பொருளும் நோயும்

தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கூறுகிறது. பிற்காலத்து நம்பியகப்பொருள் இப்பட்டியலைப் பதினான்காக விரிக்கையில் நீரையும் ஊரையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்விரண்டு பட்டியல்களிலும் நோய் இடம்பெறவில்லை. தொல்காப்பியர் பிறவற்றையும் கொள்ள இடம் வைத்தே பட்டியலை முடிக்கிறார் எனினும், உரையாசிரியர்கள் அவ்விடத்தை நோயைக் கொண்டு நிரப்பினாரல்லர். அக மரபில் நோய் என்னும் சொல் பெரும்பாலும் காமநோயையே குறித்து நின்றது. இலக்கண மரபு நிலத்தோடு உணவையும் தொழிலையும் இணைத்தது, உடற்பிணியை இணைக்கவில்லை.

அவ்விணைப்பைச் செய்தது சித்த மருத்துவ மரபு. குறிஞ்சி சுரத்திற்கும் வயிற்றுக் கட்டிக்கும் இடம். முல்லை பித்தம் மிகும் நிலம். நெய்தல் வாதத்திற்கு இடமாவது. பாலை முக்குற்றமும் சேர்ந்த நிலம். மருதமே பிணி நீக்கும் நிலம் என அம்மரபு வகுத்தது. மலையடிவாரச் சுரத்தையும் வயிற்று வீக்கத்தையும் சேர்த்துக் கூறுவது, மலேரியாவையும் மண்ணீரல் வீக்கத்தையும் அறிந்தோர் கூற்றாகவே தோன்றுகிறது. இது கூர்ந்த நோக்கின் விளைவு என்பதில் ஐயமில்லை.

எனினும் மருதம் பிணியற்றது என்னும் முடிவு மறுபரிசீலனைக்கு உரியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் இனங்காணப்பட்டது 1955இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில். பின்னர்த் தென்னார்க்காட்டுப் பகுதியிலும் அந்நோய் அறியப்பட்டது. அதனைப் பரப்பும் கியூலெக்ஸ் வகைக் கொசு தேங்கிய நெல்வயல் நீரில் பெருகுவது. நோய்க்கிருமி கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் தங்கி, கொசுவழியே மனிதரை, குறிப்பாகச் சிறாரைத் தாக்குகிறது. வயல், நீர், பறவை என மருதத்தின் கருப்பொருள்களே இந்நோயின் சுழற்சியில் இடம்பெறுகின்றன.

சித்த மருத்துவ வகைப்பாடு பிழையானது என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. நிலத்திற்கு ஒரு நிலையான உடல்நலப் பண்பை ஏற்றுவதில் உள்ள இடரே சுட்டத்தக்கது. பாசன முறை, பயிரிடும் பருவங்களின் எண்ணிக்கை, கால்நடை வளர்ப்பு, தடுப்பூசி ஆகியன மாறும்போது ஒரே மருதத்தின் நோய்முகமும் மாறிவிடுகிறது. கா. சிவத்தம்பி திணைகளை இயற்கை வருணனைகளாக மட்டும் கொள்ளாது, சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வடிவங்களாகக் கண்டார். அப்பார்வையை உடல்நலத்திற்கும் விரித்தால், திணைகளுக்கு இடையிலும் ஒரு திணைக்கு உள்ளேயும் நிலவும் சமனின்மையே நோயின் இருப்பிடம் எனத் தெரியவரும்.

4. மூன்று ஊரும் மூன்று உணவும்

சிறுபாணாற்றுப்படை உணவை வருணிக்கும் முறை தனித்துக் காணத்தக்கது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த பழந்தேறலும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும். அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க மரத்துண்டுகளே அங்கு விறகு. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் குடிப்பெண், பூண் தேயுமளவு உலக்கையால் குற்றிய அரிசிச் சோற்றை நண்டின் கலவையோடு அளிப்பாள்.

இவ்வருணனைகளில் உணவுப்பொருளை விட, அதனை உண்ணத்தக்கதாக ஆக்கும் உழைப்பே மிகுதியாகப் பேசப்படுகிறது. மீனை உலர்த்துதல், தேறலை வடித்தல், அரிசியைக் குற்றுதல், விறகைத் தேர்தல் என ஒவ்வொன்றும் ஒரு வினை. அவற்றுள் பெரும்பாலானவை பெண்களின் வினைகள். உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருக்கிறது என்னும் குறிப்பு, அச்சோற்றுக்குப் பின்னுள்ள நெடுங்கால உழைப்பை உணர்த்துகிறது. நிலம் தானாக உணவு தருவதில்லை. நிலத்தில் உழைப்போர் தருகின்றனர் என்னும் தெளிவு நத்தத்தனாரிடம் உள்ளது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மூன்று ஊர்களிலும் பாணர் உண்பது விருந்தினராகவே. அவர்க்கு அக்கடலிலோ காட்டிலோ வயலிலோ பங்கில்லை. ஓர் ஊரில் ஒரு வேளை உண்டு அடுத்த ஊருக்கு நகர்கின்றனர். மூன்று திணைகளின் வளமும் அவர்க்குக் கிட்டுவது வழிச்செல்வோர் என்னும் நிலையிலேயே. இவ்வழியை அவர்க்குக் கூறுபவன் முன்பே அவ்வழியில் சென்று பயன்பெற்ற மற்றொரு பாணன். பெற்றவன் பெறாதவனுக்கு எங்கே செல்வது, யாரைக் காண்பது, இடையில் யார் உதவுவர் என்று உரைப்பதே ஆற்றுப்படையின் வடிவம். வளம் இருந்தால் மட்டும் போதாது, அதனைச் சென்றடையும் வழியறிவும் வேண்டும் என்பதை அவ்வடிவமே உணர்த்திவிடுகிறது.

5. அடைத்த கதவு

இம்மூன்று உணவுக் காட்சிகளுக்கும் முன்பாக நூலில் ஒரு பசிக்காட்சி இடம்பெறுகிறது. வழிகூறும் பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூரும் பகுதி அது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்றியிழுப்பதைப் பொறாது, ஈன்றணிமை நாய் குரைக்கிறது. அடுப்படியின் பழஞ்சுவர் இடிந்து கிடக்கிறது. கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் காண்பரே என நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு அதனை உண்கிறாள்.

இக்காட்சி வறுமையின் உருக்கமான சித்திரமாகப் பலராலும் எடுத்தாளப்பட்டது. ஆயின் இக்காட்சி எங்கு நிகழ்கிறது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. எயிற்பட்டினத்திற்கும் வேலூருக்கும் ஆமூருக்கும் பெயரும் திணையும் தந்த புலவர், இவ்வீட்டிற்கு ஊர்ப்பெயர் தரவில்லை. கடலோ காடோ வயலோ அதன் அருகில் காட்டப்படவில்லை. உண்ணும் இடங்கள் திணைக்குள் உள்ளன. பசிக்கும் இடம் திணைக்கு வெளியே உள்ளது.

பாணர் எதிர்ப்படும் இடம் வெம்மை மிக்க சுரவழியாதலின், பசியைப் பாலைக்கு உரியதாகக் கொள்ளலாமே என்னும் மறுப்பு எழக்கூடும். அவ்வாறு கொள்ள நூல் இடந்தரவில்லை. வழியில் பாணரும் விறலியரும் உறும் வெயிலும் இளைப்பும் வேறு. நினைவில் எழும் அடுப்படி வேறு. அவ்வடுப்படிக்குச் சுவர் உண்டு, கதவு உண்டு, எட்டிப்பார்த்துப் புறங்கூறக்கூடிய அயலார் உண்டு. அயலார்க்கு நாண வேண்டியிருப்பதனாலேயே அது குடியிருப்பின் நடுவில் உள்ள வீடு என்பது பெறப்படும். அயலாரும் அவ்வாறே குப்பைக்கீரை உண்போராயின் நாணத்திற்கு இடமில்லை. எனவே இது பாலையின் பசியன்று. உண்போரின் நடுவே உண்ணாதாரின் பசி.

இந்நோக்கில் கதவடைத்தல் என்னும் செயல் பெரும்பொருள் உடையதாகிறது. பசியின் துன்பத்தோடு அதனை மறைக்க வேண்டிய துன்பமும் சேர்கிறது. மறைக்கப்பட்ட பசி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இன்று ஊட்டச்சத்துக் குறைவு, மனநோய், காசநோய், எச்.ஐ.வி. முதலியவற்றை எதிர்கொள்ளும் களப்பணியாளர் முதலில் சந்திப்பதும் இவ்வடைத்த கதவைத்தான். வீட்டில் குறையொன்றுமில்லை என்னும் விடை கணக்கெடுப்பில் பதிவாகும். கதவுக்குப் பின்னால் இருப்பது பதிவாகாது.

6. உப்பு சென்ற வழி

அக்கீரையில் உப்பு இல்லை என்பது தற்செயலான குறிப்பாகத் தோன்றவில்லை. கீரை குப்பையிலேயே கிடைத்தது, விறகும் கிடைத்திருக்கிறது, உப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஏனெனில் உப்பு கொடுத்துப் பெற வேண்டிய பொருள். அதே நூல் கொற்கையைப் பாடும் பகுதியில் உமணரின் வண்டித்தொடரைக் காட்டுகிறது. உப்பு நாடெங்கும் சென்றது. அவ்வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே செல்லவில்லை.

இன்று எயிற்பட்டினமாகக் கருதப்படும் மரக்காணம், தமிழகத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் உப்பு விளைவிடங்களுள் ஒன்று. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றவைத்து, உப்பை வாரிக் குவிக்கும் தொழில் கோடையிலேயே உச்சம் பெறுகிறது. வெயில் எவ்வளவுக்குக் கடுமையோ அவ்வளவுக்கு விளைச்சல். உற்பத்திக்கு உகந்த பருவமும் உடலுக்கு உகவாத பருவமும் ஒன்றாகவே இருப்பது இத்தொழிலின் இயல்பு. உவர்நீரில் நின்ற கால்களில் வெடிப்பும் புண்ணும், வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் கண் எரிச்சலும், வியர்வையால் நீரிழப்பும் தொழிலாளரை வருத்துவன. தமிழக உப்பளத் தொழிலாளரிடையே வெப்ப அழுத்தத்திற்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவிற்கும் உள்ள தொடர்பினைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்துள்ளனர்.

இதனை நெய்தல் நிலத்தின் நோய் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் வெயிலின் கடுமை அனைவர்க்கும் ஒன்றே. வெயிலில் நிற்கும் நேரம் ஒன்றன்று. நிழற்குடிலும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் பெண் தொழிலாளர் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர். அவ்வாறு குறைத்துக்கொள்வது சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இங்கு நோயை உண்டாக்குவது கடற்கரை அன்று. கடற்கரையில் ஒரு கழிப்பறை இல்லாமை. முன்னதை மாற்ற இயலாது. பின்னதை மாற்ற இயலும். இவ்வேறுபாட்டை மறைத்துவிடும் எந்த நிலவியல் விளக்கமும் தொழிலாளர்க்குத் தீங்கே செய்யும்.

உப்பைக் கொண்டே இக்கருத்திற்கு மற்றொரு சான்றும் தரலாம். இமயமலை அடிவாரத்தின் கழலை நோய், நிலத்தால் விளையும் நோய்க்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. மண்ணிலும் நீரிலும் அயோடின் இன்மையே அதன் காரணம். 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்ப்பதால் அந்நோய் குறைவதை நிறுவியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2006 முதல் அயோடின் சேராத உப்பை நேரடி நுகர்வுக்கு விற்பது நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. மலைநிலத்தின் குறை, வேறு நிலத்திலிருந்து சென்ற உப்பின் வழியே தீர்க்கப்பட்டது. நிலம் நோயைத் தந்தபோதும், நிலங்களுக்கு இடையிலான வழி அதனை நீக்கிற்று. உமணரின் வண்டித்தொடர் பொதுச் சுகாதாரத்தின் கருவியாக மாறிய நிகழ்வு என இதனைக் கொள்ளலாம்.

7. தேறலும் மெத்தனாலும்

வழி எப்போதும் நலத்தையே கொணர்வதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் கள்ளச்சாராயம் அருந்தியவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டப் பகுதியிலும் இறப்புகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அருந்தியது காய்ச்சிய சாராயமே அன்று, ஆலைகளிலிருந்து வெளியேறிய மெத்தனால் என்று காவல்துறை தெரிவித்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனாலால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது.

எயிற்பட்டினத்தின் நுளைமகள் வடித்த தேறல் அந்நிலத்தின் பொருள். வடித்தவர் யார், அருந்துபவர் யார் என்பது இருசாரார்க்கும் தெரிந்த ஒன்று. மெத்தனால் எந்தத் திணைக்கும் கருப்பொருளன்று. அது தொழிற்சாலையில் பிறந்து, எல்லைகளைக் கடந்து, பெயர் தெரியாத கைகளின் வழியே அக்கடற்கரையை அடைந்தது. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுகிறது. அண்டைப் புதுச்சேரியில் அத்தடை இல்லை. மதுவின் விலையும் இரு ஆட்சிப் பகுதிகளிலும் வேறுபடுகிறது. இவ்வேறுபாடுகள் எல்லையோர ஊர்களில் ஒரு மறைவணிகத்திற்கு இடமளிக்கின்றன. கடைச்சரக்கின் விலையைக் கொடுக்க இயலாத கூலித்தொழிலாளரே அதன் முதல் பலி.

பழந்தமிழர் தேறலை உயர்த்தி இன்றைய குடியைத் தாழ்த்துவது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. தேறலும் உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியதே. பொருளொன்று அது தோன்றிய இடத்திலிருந்து அறுபட்டு, பொறுப்பேற்பார் இன்றி வந்துசேரும்போது, அதனைப் பெறும் இடத்தின் மக்கள் அறியாமலே இடருக்கு ஆளாகின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. எக்கியார்குப்பத்தின் இறப்புகளுக்கு அதன் நிலம் காரணமன்று. அது எந்த எல்லையின் ஓரத்தில் இருந்தது என்பது காரணங்களுள் ஒன்று.

8. எல்லையும் கணக்கும்

எல்லை நோயை மட்டுமன்றி, நோய் பற்றிய அறிவையும் மாற்றியமைக்கிறது. தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் மாவட்டச் சராசரிகள் மாறுகின்றன. கடற்கரை உப்பளமும், ஏரிப்பாசன வயலும், மானாவாரி மேட்டுநிலமும் ஒரே சராசரியில் கலக்கும்போது அவற்றின் வேறுபாடுகள் மறைகின்றன. நத்தத்தனார் 35 கி.மீ. தொலைவிற்குள் மூன்று உணவுகளைக் கண்டார். மாவட்டப் புள்ளிவிவரம் ஓர் எண்ணையே காண்கிறது.

திண்டிவனம் – மரக்காணம் பகுதி மக்கள் கடும் நோயுற்றால் அடையும் இடங்கள் மூன்று: திண்டிவனம் அரசு மருத்துவமனை, 2010இல் தொடங்கப்பட்ட முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர். இவற்றுள் ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம். அமைந்திருப்பது வேறோர் ஆட்சிப் பகுதியில். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதிவுசெய்யப்பட வேண்டும். மரக்காணத்தில் வாழ்ந்து நோயுற்ற ஒருவர் ஜிப்மரில் இறப்பின், அவ்விறப்பு முதலில் புதுச்சேரியின் பதிவேட்டிலேயே ஏறும். வாழ்ந்த இடத்தின் துன்பம் இறந்த இடத்தின் எண்ணாகிவிடுகிறது. இருப்பிட முகவரியைக் கொண்டு அதனை மீளப் பகுக்காவிடில், எந்த ஊரின் எந்தத் தொழில் எந்த நோயை விளைக்கிறது என்னும் ஆய்வே இடறிவிடும். பசித்த வீட்டிற்கு ஊர்ப்பெயர் இல்லாமற்போன சிறுபாணாற்றுப்படையின் நிலை இங்கு வேறு வடிவில் மீண்டும் நிகழ்கிறது.

இயற்கைப் பேரிடரிலும் இதனைக் காணலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் திறக்கப்பட, தென்பெண்ணை விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களைச் சூழ்ந்தது. மழை எல்லார்க்கும் பெய்தது. ஆனால் ஏரிக்கரைப் புறம்போக்கிலும் தாழ்நிலத்திலும் குடிசையிட்டு வாழும் இருளர் முதலியோர்க்கு வெள்ளம் முதலில் வந்து கடைசியில் வடிகிறது. குடிநீர் மாசும் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் வெள்ளத்தின் பின்வரும் இடர்கள். அவை மிகுவதும் இத்தாழ்நிலங்களிலேயே. அவர்கள் தாழ்நிலத்தில் வாழ்வது நிலவியலின் முடிவன்று; மேட்டில் மனை பெறாமையின் முடிவு.

9. கொடையும் உரிமையும்

சிறுபாணாற்றுப்படையை இன்றைய பொதுச் சுகாதாரச் சிந்தனைக்கு முன்னோடி என்று கூறுவது மிகையாகும். அது புரவலனைப் போற்றும் நூல். பசிக்காட்சியின் கடுமை, அதனைத் தீர்த்த நல்லியக்கோடனின் கொடையை உயர்த்துவதற்கே பயன்படுகிறது. இறுதியில் பாணர்க்குக் கிடைப்பது மடைநூல் நெறி வழுவாத பலவகை அடிசில், பொற்கலத்தில். குப்பைக்கீரையிலிருந்து பொற்கலத்திற்குச் செல்லும் அவ்வழியில் ஒருவனது அருளே எல்லாம். அவ்வருள் இல்லாத பாணனின் கதவு அடைத்தே இருக்கும். பெறாத பாணன் ஒருவனும் பெறுவான் என்பதற்கு உறுதி, பெற்றவனின் சொல் மட்டுமே.

1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டம், அனைவர்க்குமான பொது வினியோக முறை, 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகியவற்றின் சிறப்பு, அவை உணவைக் கொடையிலிருந்து உரிமைக்கு நகர்த்தியமையே. பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது, நாணிக் கதவடைக்க வேண்டிய தேவை இல்லை. எனினும் உரிமையைப் பெறுவதற்கும் ஒரு வழி வேண்டும். சாதிச்சான்றும் குடும்ப அட்டையும் நிலையான முகவரியும் அவ்வழியின் வாயில்கள். செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு இடம்பெயரும் இருளர் குழந்தைக்குத் தடுப்பூசியும் காலை உணவும் அது செல்லும் இடத்திற்குத் தொடர்ந்து செல்வதில்லை. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் இருளர் சான்றிதழ்களுக்காக மேற்கொண்ட நெடும்பணி, இவ்வகையில் பார்த்தால் உடல்நலப் பணியும் ஆகும். எங்கே செல்வது, யாரைக் காண்பது என்று அறியாதார்க்கு அறிந்தவர் உரைக்கும் ஆற்றுப்படை அது.

10. முடிவுரை

சிறுபாணாற்றுப்படை உணவிற்குத் திணை தந்து, பசிக்குத் திணை தரவில்லை. பசி நிலத்தின் இயல்பன்று என்பதற்கு இது இலக்கியச் சான்றாகிறது. திணைக்கோட்பாட்டை உடல்நலத்தோடு இணைக்கும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிலம் உடலைப் பாதிக்கிறது என்பது உண்மை. நெல்வயலின் கொசுவும், உப்பளத்தின் வெயிலும், தாழ்நிலத்தின் வெள்ளமும் அதற்குச் சான்று. ஆயின் அப்பாதிப்பு யாரைச் சென்றடைகிறது என்பதை நிழல், நீர், கூலி, மனை, எல்லை, சான்றிதழ் ஆகியனவே தீர்மானிக்கின்றன. இவை மாற்றத்தக்கவை. மாற்றத்தக்கதை இயற்கை என்று கூறும் ஆய்வு, அறியாமலே அதனை மாற்றவேண்டியவர்களின் பொறுப்பைக் குறைத்துவிடுகிறது.

நோயையும் இறப்பையும் கணக்கிடும் முறை, வாழிடத்தையும் தொழிலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மாவட்ட அளவிலன்றி, மரக்காணத்தின் உப்பளம், எக்கியார்குப்பத்தின் கடற்கரை, திண்டிவனத்தின் ஏரிக்கரை எனத் தனித்தனியே காணும் நுண்மை அதற்குத் தேவை. அந்நுண்மை நத்தத்தனாரிடம் இருந்தது. ஓய்மா நாட்டில் அவர் ஒவ்வோர் ஊரின் உலையையும் உற்றுநோக்கினார்; அடைத்த கதவின் பின்னே வெந்த கீரையில் உப்பு இல்லை என்பதையும் கண்டார்.